நானே வாசித்த பாடம்

கல்லூரியின் இணைய வகுப்புக்குள் போய் ஐந்தாம் பாடத்தைத் தொட்டால், என் கைபேசி பைத்தியம் பிடித்ததுபோல் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். எனக்குக் கண் தெரியாது. கைபேசிதான் எனக்கு எதையும் வாசித்துச் சொல்லும். மற்ற மாணவர்களுக்கு அது அழகான தமிழாம். ஷிஹானா மிஸ் தன் பழைய குறிப்புகளை, பழைய எழுத்துருவில் இருந்தபடியே ஏற்றிவிட்டார். பார்வைக்குத் தமிழ், உள்ளே வெறும் குப்பை.

திங்கட்கிழமை பரீட்சை. தேறினால்தான் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா கிடைக்கும், பூனாகலையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் டீச்சராவேன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் களைத்து வந்து, எழுத்தைப் பெரிதாக்கி வாசிப்பார். நடுவில் இருமுவார், நிற்பார், மறுபடி தொடங்குவார். எனக்கோ இருப்புக்கொள்ளாது. இன்னொரு தடவை வாசியுங்கள் என்று கேட்கவும் மனம் வராது.

மிஸ்ஸுக்கு எத்தனையோ மெசேஜ் போட்டேன். "எல்லாருக்கும் ஓபன் ஆகுதே" என்பதுதான் பதில். பொறுத்தது போதும் என்று வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் பதுளையில் இருக்கும் கல்லூரிக்கே போய்விட்டேன்.

"கேளுங்க மிஸ்," என்று கைபேசியை அவர் மேசையில் வைத்தேன். அது கொட்டித் தீர்த்தது.

"அல்லாஹ்வே! இதையா மகள் இவ்வளவு நாளும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?" மிஸ் உண்மையாகவே பதறினார். "கவலப்படாதீங்க யசோதினி. நானே வாசிச்சு ரெக்கோட் பண்ணித் தாறேன்."

"வேணாம் மிஸ்." என் குரல் உயர்ந்துவிட்டது. "வீட்ல அப்பா வாசிக்கிறாரு. இங்க நீங்க வாசிப்பீங்க. நான் எப்ப மிஸ் வாசிக்கிறது? எழுத்த மாத்திப் போடுங்க, போதும்."

மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணினியைத் தட்டத் தொடங்கினார்.

"நீங்க ஊருக்குப் போய்ச் சேரமுந்தி அஞ்சாம் பாடத்தையாவது மாத்திப் போடுறேன்," என்றார்.

பண்டாரவளையில் பஸ் மாறும்போது கைபேசி சத்தமிட்டது. அவசரமாக இயர்போனைக் காதில் மாட்டினேன். தமிழ்! அந்தத் தட்டையான இயந்திரக் குரல்கூட இனித்தது. அப்பா வாசித்த பந்திகள் ஒவ்வொன்றாக வந்தன. திடீரென்று, அப்பா வாசிக்காத ஒன்று வந்தது.

"பார்வையற்றவர்கள் சிறு பிள்ளைகளைப் பராமரிக்கும் பணிக்குப் பொருத்தமானவர்கள் அல்லர்."

திருப்பிக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். ஊர் வரும்வரை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் லயத்து வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அஞ்சாம் பாடத்துல ஒரு பந்திய ஏம்ப்பா விட்டீங்க?"

அப்பா இருமினார். அன்று வாசிக்கும்போது நடுவில் இருமிய அதே இருமல்.

"அத எப்புடிம்மா என் வாயால ஒனக்குச் சொல்றது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

"சொல்லியிருக்கணும்ப்பா. பரீட்சையில அதக் கேட்டா என்ன எழுதுவேன்?"

"என்னம்மா எழுதுவ?"

பாடத்தின் அடியில் மாணவர்கள் கருத்துச் சொல்லும் இடம் இருக்கிறது. அங்கே போடுவதை வகுப்பே பார்க்கும். "மிஸ், இந்தப் பந்தி பிழை," என்று தொடங்கி, ஏன் பிழை என்பதை விரல் நோகத் தட்டினேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எழுதினத வாசிச்சுக் காட்டும்மா," என்றார்.

ஒரு வரிகூட விடாமல் வாசித்துக் காட்டினேன்.