சுப்புராயன் வீட்டு மார்கழி

இது நடந்தது போன வருடமா, அதற்கும் முந்தைய வருடமா என்று எனக்கு உறுதியில்லை. கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். ஆனால் பாகூரில் தை பிறந்த பிறகும் ஒரு வீட்டில் மட்டும் மார்கழி போகாமல் இருந்தது என்பதை யாரும் மறுப்பதில்லை.

அது சுப்புராயன் வீடு. சிங்கப்பூரில் ஒரு சீன மருந்துக் கடையில் பத்தொன்பது வருடம் வேர் நறுக்கிவிட்டு, ஐப்பசியில் ஊர் திரும்பியவர். கொண்டுவந்தது ஒரு பெட்டி காய்ந்த சிவப்பு இலந்தை, ஒத்தடம் கொடுக்கக் கொஞ்சம் மூலிகைச் சுருட்டு, கடை முதலாளி சொல்லிக்கொடுத்த குளிர்கால விதிகள். குளிரில் உடம்பை விதைநெல் போல மூடிவைக்க வேண்டும். வெயில் ஏறும்முன் எழக்கூடாது, வேர்க்கக்கூடாது, வெளியே போகக்கூடாது. முந்தின மார்கழியில் மனைவி ஆதிலட்சுமி நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்ததை அவர் போனில் மட்டுமே கேட்டிருந்தார். அதனால் இந்த முறை தினமும் இஞ்சியும் இலந்தையும் கொதிக்கவைத்துக் கொடுத்தார். அவள் கால்களை வெந்நீரில் வைத்தார். சுருட்டைப் பற்றவைத்து முழங்காலருகே சூடு காட்டினார். அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. வாசல் கேட்டின் பூட்டுச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

விடியலில் எழாததால் அந்த மார்கழி முழுக்க அந்த வாசலில் கோலம் இல்லை, சாணி உருண்டையில் பூசணிப்பூ இல்லை. மற்ற வீடுகள் காய்ந்த உருண்டைகளைப் பொங்கல் முடிந்ததும் ஏரியில் கரைத்து மாதத்தை வழியனுப்பின. இந்த வீட்டில் கரைக்க ஒன்றுமில்லை. மாதம் தங்கிவிட்டது.

மாசியில் பனி அந்த மதிலுக்குள் மட்டும் பெய்தது. பங்குனியில் கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் துண்டைக் காதில் சுற்றிக்கொண்டு மீட்டரைப் பார்த்தார். சித்திரையில் கரும்பு வெட்டும் ஆட்கள் மதியத்தில் அந்த மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்கள்.

மூலக்குளத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் இளவரசிக்கு வைகாசியில் பிரசவம். "நீ வருவியா மாட்டியாம்மா?" என்று போனில் அழுதாள்.

"குளிரு போவட்டும், போலாம்" என்றார் சுப்புராயன். "வாயில பொகை வருது பாரு."

உண்மையாகவே வந்தது.

பக்கத்து வீட்டுக் கலியம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி ஆதி, மார்கழிய வூட்டோட மாப்பிள்ளையா வச்சிக்கினியா? அனுப்பாம எப்பிடிடி போவும்?"

கொல்லையில் பூசணிக்கொடி இன்னும் பூத்துக்கொண்டிருந்தது. ஆதிலட்சுமி அதைப் பார்த்தாள். "கொஞ்சம் சாணி குடுக்கா" என்றாள்.

மறுநாள் விடியலில் அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். விதிப்படி அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து கேட்டருகே வந்தபோது தெருநெடுக இருபத்தொன்பது கோலங்கள், இருபத்தொன்பது பூக்கள். அவள் முப்பதாவதற்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேர்க்குது பாரு ஒனக்கு" என்றார்.

"வேர்க்கட்டும்."

வைகாசி வெயிலில் உருண்டைகள் சாயங்காலத்துக்குள் காய்ந்தன. ஏரியில் கரைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினாள்.

இளவரசிக்குப் பெண் குழந்தை. ஆதிலட்சுமி மூன்று மாதம் கழித்துத் திரும்பினாள். இப்போது மார்கழியில் கோலம் போடுகிறாள், கொஞ்சம் இருமுகிறாள். மார்கழி வீட்டை விட்டுப் போனது, சுப்புராயன் படுக்கும் அறையை மட்டும் விடவில்லை. கோடையில் கலியம்மாள் தயிரை அங்கேதான் வைக்கிறாள். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறார், நலமாக. அந்த அறைக்குப் பூட்டு கிடையாது.