திருகைத் தொடாதவர்

ஒரு மரணத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்கு வயதும் இல்லை, தேர்ச்சியும் இல்லை. துணிந்து எழுதிவிட்டமைக்கு வாசிப்பவர்கள் அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தன் அண்ணியின் உடல் கூடத்தில் கிடக்க, முத்திரை என்று எல்லோரும் அழைக்கும் பெரியவர் வீட்டின் பின்புறம் மண்டியிட்டு, ரோஜாச் செடியின் அடியில் செருகியிருந்த பயனெட்டை இரு கைகளாலும் பிடுங்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கி முனையில் மாட்டும் அந்த நீண்ட கத்தி, களை கிளறும் கருவியாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"மூணு மணிக்கு வண்டி வந்துரும் சித்தப்பா. பெட்டிய மூடிருவாங்க" என்றாள் அண்ணியின் மகள்.

"தெரியும்மா."

"அம்மா போன வாரமே சொன்னாங்க. 'அந்தக் கத்திய சித்தப்பாவ இன்னொரு தடவ பாக்கச் சொல்லு. உங்கப்பாவோடதுன்னா என் பக்கத்துல வை, இல்லன்னா தூக்கிப் போடு'ன்னு."

"என்கிட்ட ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னேனே. 'ஒரு தடவ பாத்தா பாத்ததுதான்'னு ஃபோன வச்சிட்டீங்க."

கத்தி மண்ணோடு பெயர்ந்து வந்தது.

பழைய இராணுவக் கத்திகளைச் சேர்ப்பவர் அவர். பெயர் மாறிப்போன பயனெட்டுகளை இனம் காண்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தளபதியின் கத்தி என்று சீட்டுக் கட்டி விற்றதைத் தொழிற்சாலைக் காவலாளியின் கத்தி என்று நிறுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். எதிலும் முத்திரை தேடுவதால் முத்திரை என்பதே பெயராக நிலைத்தது. "தம்பி ஒரு கல்யாணத்துக்குப் போனாக்கூட மாப்பிள்ளை கழுத்துல முத்திரை இருக்கான்னுதான் பாப்பாரு" என்று அண்ணி சிரிப்பார்.

அண்ணன் எல்லையில் இறந்தபோது மகள் கைக்குழந்தை. எட்டு ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பிய அவருடைய படைத்தோழர் அந்தப் பயனெட்டைக் கொண்டுவந்தார். "அவனுக்கு அப்புறம் இது என் கைக்கு வந்துச்சு. கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்" என்றார். அண்ணி அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி, பல ஆண்டுகள் வாரந்தோறும் பொடி போட்டுத் தேய்த்தார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், வீடு நிறைய விருந்தினர் இருந்த ஒரு பகலில், அண்ணியே அதை எடுத்து நீட்டினார். "உங்க கத்திக் கணக்கு நோட்டுல இதையும் எழுதுங்க தம்பி."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அலகின் அடியில் ஆண்டு பொறித்திருந்தது.

"அண்ணன் போயி ரெண்டு வருஷம் கழிச்சு செஞ்சது அண்ணி. அந்த ஆளு உங்கள நல்லா ஏமாத்திட்டாரு."

அண்ணி கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "அதனால என்ன, களை கிளற ஆகும்" என்றார். அன்று முதல் படைத்தோழரின் கடிதங்கள், மொத்தம் பதினான்கு, பிரிக்கப்படாமலே திரும்பிச் சென்றன. பிறகு கடிதம் வரவில்லை. அவர் இறந்துவிட்ட செய்திதான் வந்தது.

முத்திரை குழாயடியில் கத்தியைக் கழுவினார். அலகெங்கும் துரு, ஆண்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கைப்பிடியின் இருபுறமும் மரம் உளுத்திருந்தது. கைப்பிடியைப் பிணைக்கும் திருகைத் தொடாதே என்பது சேகரிப்பாளரின் முதல் பாடம். திருகின் தலையில் ஒரு கீறல் விழுந்தாலும் பொருள் கெட்டது. நாற்பது ஆண்டுகளில் அவர் ஒரு திருகையும் கழற்றியதில்லை.

இனிக் கெடுவதற்கு அதில் என்ன இருந்தது? திருப்புளியை வைத்து அழுத்தினார். மரம் கையோடு வந்தது.

உள்ளே, துரு ஏறாத இரும்பில், வேறோர் ஆண்டு இருந்தது. அண்ணன் இறப்பதற்கு ஐந்து ஆண்டு முந்தையது. அதன் கீழே ஓர் எண்: 417.

முகாமிலிருந்து அண்ணன் எழுதிய முதல் கடிதம் அவருக்கு மனப்பாடம். 'டேய், துப்பாக்கிக்கும் கத்திக்கும் ஒரே நம்பர், நானூத்திப் பதினேழு. தொலைச்சா தோலை உரிச்சுருவாங்க.'

அலகில் இருந்தது பழுது பார்த்த ஆண்டு. அப்படிப்பட்ட ஆண்டின் பக்கத்தில் சின்னதாக, ஆழமில்லாமல் ஒரு நட்சத்திரம் குத்தியிருப்பார்கள். அவருடைய அலமாரியிலேயே ஒன்பது கத்திகளில் அது உண்டு. இதில் இருக்க வேண்டிய இடத்தில் துருவைச் சுரண்டிவிட்டு நகத்தால் தடவினார். வழவழப்பாக இருந்தது. வாரந்தோறும் தேய்த்தே அண்ணி அதை அழித்திருந்தார்.

"சித்தப்பா! வண்டி வந்துருச்சு."

ஈரக் கையோடு கூடத்துக்குள் போனார். பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் மகள்.

"அண்ணனோடதுதான்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள நம்பர் இருக்கு. நான் பாத்தது பழுது பாத்த வருஷம். தப்பு என்னோடது. அந்த மனுஷன் பொய் சொல்லல."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "போதும் சித்தப்பா. யாருக்காகவும் நீங்க ஒரு பொய் சொன்னதில்ல. அம்மாவுக்காக இன்னைக்கு சொல்றீங்க. எனக்கு அது போதும்."

"பொய் இல்லம்மா. இங்க பாரு, நானூத்தி—"

"ஐயா, கொஞ்சம் நகருங்க. நேரமாச்சு" என்றார் வண்டி ஓட்டுநர்.

மகள் கத்தியை வாங்கினாள். பார்க்கவில்லை. ஒரு துண்டில் சுற்றி அம்மாவின் வலப்பக்கம் வைத்தாள். மூடி இறங்கியது. உளுத்த மரத்துண்டு முத்திரையின் கையிலேயே இருந்தது.

இழந்தவை இவ்வளவே: ஒரு கத்தியின் கூர், அதன் கைப்பிடியில் ஒரு பக்கம், பிரிக்காமல் போன பதினான்கு கடிதங்கள், அவற்றை எழுதிய மனிதர், பதினோரு ஆண்டுகள், அண்ணி.