பழைய வலைக்குக் கீழே

வீடு மாற்றிக் கொடுக்கும் வேலையில் அவனுக்குப் பட்டப்பெயர் பீரோ. இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனவன். வலது தொடையிடுக்கில் அவனுக்கு வந்த குடலிறக்கத்துக்கு ஏற்கெனவே இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இப்போது மறுபடியும் புடைத்திருந்தது.

ஆஸ்பத்திரி அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

"ஒரு இடத்துல உக்காருங்களேன், தலை சுத்துது," என்றாள் மனைவி.

"உக்காந்தா பிதுங்குது. நின்னா இழுக்குது. என்ன பண்ணச் சொல்ற?"

"தூக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். போன தடவை தையல் காயறதுக்குள்ள வாஷிங் மெஷினைத் தூக்கினது யாரு?"

"தூக்கல. நகர்த்தினேன்."

"ஆமா, மாடிக்கு நகர்த்தினீங்க."

தன் தப்புதான் என்று அவனும் நம்பினான். இன்றைக்கு நடக்கப்போகும் இந்த மூன்றாவது அறுவை சிகிச்சையும் நிற்காவிட்டால் காலம் முழுக்க வேனில் உட்கார்ந்து மற்றவர்கள் தூக்குவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

டாக்டரம்மா வந்தார். "முன்பக்கம் எல்லாம் தழும்பு. திரும்ப அங்கயே வெட்டினா விதைக்குப் போற ரத்தக்குழாய்க்கு ஆபத்து. போன தடவை வச்ச மாதிரியே ஓட்டையை அடைக்கிற வலைத் துணிதான்; ஆனா இப்போ வயித்துல சின்னத் துளை போட்டு, உள்பக்கமா வைக்கிறேன்."

"இதாவது நிக்குமா டாக்டர்?"

"சத்தியம் பண்ண மாட்டேன். ஒழுங்கா வைப்பேன்."

அவனை உள்ளே கொண்டுபோனதும், அவன் நடந்த அதே தடத்தில் இப்போது அவள் நடந்தாள். நெடுநேரம் கழித்து டாக்டர் முகக்கவசத்தை இறக்கியபடி வெளியே வந்தார்.

"பழைய வலை வச்ச இடத்துல உறுதியா இருக்கும்மா. அதுக்குக் கீழே தனியா இன்னொரு ஓட்டை. முன்னாடி பாத்தவங்க கண்ணுல படாம இருந்திருக்கும். புது வலையால ரெண்டு இடத்தையும் சேர்த்து மூடியாச்சு."

"அப்போ அவர் பாரம் தூக்கினதால..."

"பழைய தையல் விடவே இல்லம்மா. அவர் மேல தப்பு சொல்ல முடியாது."

அவன் கண் விழித்ததும் அதை அப்படியே சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. "எத்தனை பேச்சுப் பேசிட்டேன் உங்கள."

"நானே என்னைத் திட்டிக்கிட்டுதானே இருந்தேன். அழாத."

மாலையில் நர்ஸ் அவனை எழுப்பி நடக்கச் சொன்னாள். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவன், போதும் என்று அவள் சொல்லியும் கேட்காமல் படிக்கட்டு வரைக்கும் போய் நின்றான்.

"ரெண்டு படி இறங்கிப் பாக்கவா?"

"கொன்னுடுவேன்," என்று அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.