கையெழுத்து அறையின் வாசல்

காலை எட்டே முக்காலுக்கு லென் கார்சைட், தான் கவனித்துக்கொள்ளும் தேவாலய மண்டபத்தைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, முன்னறையில் மேசையையும் நாற்காலிகளையும் இழுத்துப் போட்டார். பிறகு வாசலில் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆறு வாரமாக இதுதான் வேலை. இன்னும் இரண்டு நாள் பாக்கி.

முன்னறை இப்போது கையெழுத்து அறை. ஸ்கெல்பி தொகுதியின் எம்.பி. டெஸ்மண்ட் ஆல்கிராஃப்டைப் பாராளுமன்றம் முப்பது நாள் வெளியே நிறுத்திவிட்டது. முதியோர் இல்லங்கள் நடத்தும் ஒரு கம்பெனியிடம் ரகசியமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்த இல்லங்களில் அடிக்கடி சோதனை வேண்டாம் என்று சபையில் பேசியிருக்கிறார். விசாரணையில் எல்லாம் நிரூபணமாகிவிட்டது. அப்படித் தண்டனை வாங்கியவர் பதவியில் நீடிக்கலாமா என்பதைத் தொகுதிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஆறு வாரத்துக்குள் வாக்காளர்களில் பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் பதவி போகும், மறுதேர்தல் வரும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். தேர்தல் என்றால் எல்லோரும் போவார்கள், யார் யாருக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. இங்கே போடுவதற்கு ஒரே கையெழுத்துதான் உண்டு, அவர் போகட்டும் என்பது. இருக்கட்டும் என்று நினைப்பவன் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். ஆக, அந்த வாசலைத் தாண்டினாலே தாண்டினவர் மனசு ஊருக்குத் தெரிந்துபோகும்.

இது புரியாமல் முதல் வாரத்தில், லென்னோடு ஊர்க் கிளப்பில் டாமினோ ஆடும் பாரி வந்து மாட்டிக்கொண்டான். உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவிட்டு, "அவர் இருக்கட்டும்னு எங்க போடணும்மா?" என்று கேட்டான். மேசையில் இருந்த அலுவலர் ஹேசல், "அதுக்கு இடமே இல்லீங்க. போட்டா அவரு போகணும்னுதான் அர்த்தம்" என்றதும், பேனா சுட்டுவிட்டதுபோல் கீழே போட்டான். அன்று மாலை கிளப்பில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"நல்லவேளை நின்னுட்ட. ஆதரவு தர்றேன்னு போயி ஆளைக் கவுத்திருப்ப" என்றான் டெரிக்.

"ஏய், யாரு யாரு உள்ள போறாங்கன்னு நம்ம லென்னுக்குத்தான் தெரியும். சொல்லுப்பா, இன்னிக்கு யாரு வந்தா?" என்றான் ஸ்டான்.

லென் இரண்டு பேரின் பெயரைச் சொன்னார். அன்றைக்கு அவருக்குப் பீர் வாங்கிக் கொடுத்தது டெரிக்.

மனைவி ஜோன் இறந்து நான்கு வருஷம். வீட்டில் டீ போட்டால் ஒரு கோப்பை, கழுவினால் ஒரு தட்டு. இந்தக் கையெழுத்து அறை வருவதற்கு முன்பும் கிளப்பின் டாமினோ மேசையில் லென் உட்காருவார்தான், ஆனால் அவர் வராவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது அவருக்கென்று நாற்காலி போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். உள்ளே வந்தவர்களைப் பற்றி வெளியே பேசக்கூடாது, அது சட்டம் என்று ஹேசல் முதல் நாளே எச்சரித்திருந்தாள். நான் என்ன கையெழுத்தையா பார்த்தேன், வாசலைத் தாண்டினதைத்தானே பார்த்தேன் என்று லென் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நான்காம் வாரத்திலிருந்து ஆள் வரத்து குறைந்துபோனது. தபாலிலும் கையெழுத்து அனுப்பலாம். ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், அதை யார் செய்தார்கள் என்று தெரியவில்லை. சில நாள் காலையிலிருந்து மாலைவரை ஹேசலும் லென்னும் மட்டும்தான். மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி மட்டும் தினம் வந்து நிற்பாள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறும் மேவிஸ். ஒரு பஸ் போகும், ஏறமாட்டாள். இன்னொரு பஸ் போகும், ஏறமாட்டாள். இந்தப் பக்கம் பார்ப்பாள், லென்னைப் பார்த்ததும் குடையைத் தாழ்த்திக்கொண்டு நடந்துவிடுவாள். இதையும் லென் கிளப்பில் நடித்துக் காட்டியிருந்தார். பாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

இரண்டு நாள் பாக்கியிருந்த அன்றும் வந்து நின்றாள். மழை பலமாக இருந்தது. மூன்று பஸ் போய்விட்டது. லென்னுக்கு என்ன தோன்றியதோ, தெருவைத் தாண்டிப் போனார்.

"என்ன கண்ணு, எந்த பஸ்ஸுக்கு நிக்கிற?"

"உனக்கு எதுக்கு? அதையும் கிளப்புல சொல்லணுமா?"

லென் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"தெரியும் லென். ஊருக்கே தெரியும். லாரி ஓட்டுற கெவின் கையெழுத்துப் போட வந்தானே, நீதானே பேரைச் சொன்ன? அடுத்த திங்கக்கிழமை அவனுக்கு மீன் ஆலையில லோடு இல்லன்னுட்டாங்க. ஆலை யாரோடது? ஆல்கிராஃப்டோட அண்ணனோடது. எம் மவளும் அங்கதான் வேலை பாக்கறா."

"நான் வெளையாட்டுக்குச் சொன்னதும்மா."

"கெவினுக்கு அது வெளையாட்டா இல்லியே."

"ஆனா மேவிஸ், அவரு அப்படி ஒண்ணும் கெட்ட ஆளு இல்ல. என் ஜோனோட அடக்கத்துக்கு வந்து கடைசி வரைக்கும் நின்னாரு."

மேவிஸ் குடையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா அடக்கத்துக்கும் வந்தாரு. நல்ல கறுப்புக் கோட்டு. என் கையைப் பிடிச்சுகிட்டு, 'ரொம்ப வருத்தமா இருக்கும்மா'ன்னாரு. எங்கம்மா அந்தக் கம்பெனி இல்லத்துலதான் கெடந்தாங்க. முதுகுப் புண்ணு எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு, யாரும் திருப்பிப் படுக்க வைக்கல. சோதனை போட ஒருத்தன் வந்திருந்தா பாத்திருப்பான். சோதனையே வேணாம்னு இவரு சபையில பேசினது அதுக்கு முந்தின மாசம். காசு வாங்கிகிட்டுப் பேசினாருன்னு அப்ப எனக்குத் தெரியாது. 'வந்ததுக்கு ரொம்ப நன்றி சார்'னு சொன்னேன் லென். நன்றி சொன்னேன்."

அடுத்த பஸ் வந்தது. மேவிஸ் அதில் ஏறிப் போய்விட்டாள். அது அவள் வீட்டுப் பக்கம் போகிற பஸ்கூட இல்லை.

அன்று மாலை லென் கிளப்புக்குப் போகவில்லை. வீட்டில் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். போன் இரண்டு தடவை அடித்தது. பாரியாகத்தான் இருக்கும். நாளைக்குக் கடைசி நாள். தன் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்பது ஆறு வாரத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. கையெழுத்துப் போட்டால் கிளப்பில் அந்த டாமினோ மேசை போய்விடும். அந்த மேசையை விட்டால் அவருக்கு இந்த ஊரில் உட்கார வேறு இடம் கிடையாது.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு அவர் முன்னறைக்குள் போனார்.

"ஹீட்டரை இப்ப அணைக்க வேணாம் லென்" என்றாள் ஹேசல்.

"அதுக்கு வரல. கார்சைட், லெனார்டு. ஹார்பர் தெரு, பதினொண்ணு."

ஹேசல் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பட்டியலில் பெயரைக் கோடிட்டு, தாளைக் கொடுத்தாள். மறைப்புத் தட்டிக்குப் பின்னால் நின்று அவர் கையெழுத்துப் போட்டார். கார்சைட் என்பது கொஞ்சம் கோணலாக விழுந்தது.

வெளியே வந்தார். எதிரே குடை தெரிந்தது. லென் தன் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு, மேவிஸ் பார்க்கும்படியாகவே மண்டபத்தின் பின்பக்கம் போய், கல்லறைச் சுவரைப் பார்த்து நின்றார். ஐந்து மணி அடிக்கும்வரை திரும்பவில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, அவருக்குத் தெரியாது.

கிளப்பில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

"வாய்யா! நேத்து எங்க போன? சொல்லு, கடைசி நாளு. எவன் எவன் வந்தான்?" என்றான் டெரிக்.

"ஒரே ஒரு ஆளைத்தான் நான் பாத்தேன்."

"யாரு?"

"நான்."

பாரி சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். "நீ நெஜமாவே மாத்திப் போட்டுட்டியா? ஹேசல் சொல்லலியா?"

"எல்லாம் தெரிஞ்சுதான் போட்டேன்."

"உன் பொண்டாட்டி அடக்கத்துக்கு வந்த மனுஷன்யா அவரு" என்றான் ஸ்டான்.

"வந்தாரு. அதுக்கு நான் நன்றி சொல்லியாச்சு. ஆனா அவரை நாம அடக்கத்துக்கு வரவா அனுப்பினோம்? பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். அங்க என்ன பண்றாருன்னு ஒரு நாள் கேட்டிருப்போமா? நான் ஆறு வாரமா வாசல்ல உக்காந்து காவல் காத்தேன். யாரை? கேள்வி கேக்க வந்தவங்களை. தப்புப் பண்ணினவரு நிம்மதியாத் தூங்குறாரு, கையெழுத்துப் போட வந்தவ மழையில பயந்துகிட்டு நிக்கிறா. அதுக்கு அவரு மட்டும் காரணம் இல்லடா. நானும் காரணம், இந்த மேசையும் காரணம். நாம கண் வைக்க வேண்டியது நாம அனுப்பின ஆளு மேலதான். பக்கத்து வீட்டுக்காரங்க மேல இல்ல."

டெரிக் டாமினோ காய்களைக் கவிழ்த்துக் கலைத்தான். கொஞ்சம் அதிக நேரமே கலைத்தான். பிறகு பாரி, ஸ்டான், தான் என்று மூன்று பேருக்கு மட்டும் பிரித்து வைத்தான்.