ஒரே இடத்தில் இரண்டு பிரேக்கர்

கர்ட் லிண்ட்க்விஸ்டின் மகள் பிரிட்டா பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். மினசோட்டாவில் பிள்ளை பள்ளி முடித்தால் கராஜைக் கழுவி, மேசை போட்டு, ஊருக்கே சாப்பாடு போட்டாக வேண்டும். அதுவும் சும்மா சாப்பாடு இல்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ரோஸ்டர் தூக்கிக்கொண்டு வருவார்கள். கரண்டில் வேகும் பெரிய சட்டி அது. ஒன்றில் பன்றிக்கறி, ஒன்றில் பீன்ஸ், ஒன்றில் சீஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு. எல்லாம் கராஜில் ஒன்றாகக் கொதிக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூத்தவன் விருந்தில் கரண்ட் நாலு தடவை போனது. அரைவேக்காட்டுப் பீன்ஸைத் தின்ற ஊர், இன்றுவரை கர்ட்டைக் கண்டால் "என்னப்பா, கரண்ட் இருக்கா?" என்றுதான் கேட்கிறது. கேட்டுக் கேட்டு அவனுக்குக் காதே புளித்துவிட்டது. இந்தத் தடவை மானம் போகக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டான்.

கராஜுக்கு இன்னொரு லைன் இழுக்கலாம் என்றால் பிரேக்கர் பெட்டியில் இடமில்லை. கரண்ட் மிஞ்சினால் தானே விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்தான் பிரேக்கர். கடையில் டாண்டம் என்று ஒன்று விற்றது. ஒரு பிரேக்கர் உட்காரும் இடத்தில் ஒல்லியாக இரண்டு உட்காரும். அடடா, இதைவிட என்ன வேண்டும்! கராஜுக்குப் போகும் கறுப்புக் கம்பியும் சிவப்புக் கம்பியும் இரண்டு இடத்தைப் பிடித்த ஒரு ஜோடிப் பிரேக்கரில் இருந்தன. அதைக் கழற்றி, இரண்டையும் ஒரே டாண்டத்தில் மாட்டினால் ஓர் இடம் மிச்சம். டாண்டம் உள்ளே போக மறுத்தது. அடியில் ஒரு சின்னப் பல் இடித்தது. கர்ட் அரத்தை எடுத்துப் பல்லை ராவினான். பிறகு நல்ல பிள்ளையாய் உட்கார்ந்துகொண்டது. மிச்சமான இடத்திலிருந்து கராஜுக்குப் புது லைனும் இழுத்தாயிற்று.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ரோஸ்டர்கள் ஏறிவிட்டன. பத்து மணி வரை ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை. கர்ட் கராஜில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாத்தினான். அப்போதுதான் அண்ணன் டுவேனும் அவன் மனைவி கொரினும் தங்கள் ரோஸ்டரோடு வந்து இறங்கினார்கள். கொரின் இருபது வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன்.

"இத்தனையும் ஓடுதா?" என்றாள் அவள்.

"ஓடாம? வா, காட்டுறேன். நீயே அசந்துபோவே."

அசந்துதான் போனாள். பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்தாள்.

"கர்ட், இதை எப்பவாச்சும் படிச்சியா?"

"அது கம்பெனிக்காரன் ஒட்டினது."

"கீழ நாலு இடத்துலதான் டாண்டம் போடலாம்னு படமே போட்டிருக்கான். நீ உச்சியில வெச்சிருக்கே. எப்படி உள்ள போச்சு?"

"கொஞ்சம்... ராவினேன்."

"அட பாவி மனுஷா! உன்னை மாதிரி ஆளுக்காகத்தான் அந்தப் பல்லையே வெச்சிருக்கான்!"

கார் டிக்கியிலிருந்து கருவிப் பையை எடுத்து வந்து பெட்டியின் மூடியைக் கழற்றினாள். கறுப்பும் சிவப்பும் ஒரே டாண்டத்தில் இருப்பதைப் பார்த்ததும் மீட்டரை எடுத்தாள். அவற்றோடு சேர்ந்து போகும் வெள்ளைக் கம்பியை அதன் கவ்வியால் பிடித்தாள். முப்பத்திரண்டு ஆம்ப்.

"இது இருபது ஆம்ப் தாங்குற கம்பி," என்றாள்.

"அப்போ பிரேக்கர் ஏன் விழல?"

"ஆளுக்குப் பதினாறுதான் போகுது, அது எதுக்கு விழும்? ரெண்டு கம்பிக்கும் திரும்பி வர்ற வழி இந்த ஒரே வெள்ளை. பழைய பிரேக்கர்ல ரெண்டும் எதிரெதிர் பக்கம், ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும். டாண்டத்துல ரெண்டும் ஒரே பக்கம். மொத்தமும் வெள்ளை தலையில ஏறுது. வெள்ளையைக் காவல் காக்க இங்க ஒருத்தனும் இல்ல."

கராஜ் பிரேக்கர்களை அணைத்துவிட்டுக் கம்பியை விலக்கிக் காட்டினாள். வெள்ளைத் தோல் பழுப்பேறியிருந்தது.

"இந்தக் கம்பி எந்தச் சுவர் வழியாப் போகுது?"

பிரிட்டாவின் கட்டில் தலைமாட்டுச் சுவர் அது. நேற்று ராத்திரியே இரண்டு ரோஸ்டரை ஏற்றியிருந்தால்? கர்ட் அங்கேயே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"கம்பியை மாத்துற வரைக்கும் பழைய லைன், புது லைன் எது பக்கமும் போகாதே. நாளைக்குச் சர்ச் முடிஞ்சு வர்றேன்," என்றாள் கொரின், கொஞ்சம் இளகி.

ஒரு மணிக்குத் தொண்ணூறு பேர் வருவார்கள். சமையலறையில் இரண்டு ரோஸ்டர் தாங்கும், மற்ற ஆறுக்கு எங்கே போவது? கர்ட்டின் மனைவி ரெனே யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. ஆறையும் கைவண்டியில் ஏற்றி, தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டாள். விருந்தாளிகள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பீன்ஸுக்கு மார்லின் வீடு, கறிக்குப் பாதிரியார் வீடு என்று தெருவை அளந்தார்கள். பிரிட்டா பட்டமளிப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். இப்படியொரு கலகலப்பை அந்தத் தெரு கண்டதில்லை.

எல்லாரும் கராஜில் கூடியதும் மார்லின்தான் ஆரம்பித்தார்.

"என்னப்பா கர்ட், கரண்ட் இருக்கா?"

ஒரே சிரிப்பு. ரெனே முந்திக்கொண்டாள். "தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்ல ஏதோ..."

"இல்ல," என்றான் கர்ட். முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் எழுந்து நின்றான். "டாண்டம் போகாத இடத்துல பல்லை ராவிப் போட்டேன். ஒரே வெள்ளையில ரெண்டு கம்பியை ஒரே பக்கம் கோத்துட்டேன். என் பொண்ணு படுக்குற சுவருக்குள்ள கம்பி வெந்துட்டிருந்தது. படத்தைப் பாத்திருந்தா ஒரு நிமிஷ வேலை. பாக்கல. முட்டாள்தனம்."

யாரும் சிரிக்கவில்லை. பிரிட்டா வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்லின் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "அடுப்பை அணைச்சேனான்னு ஒரு சந்தேகம்," என்று முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டினார். பாதிரியாருக்கும் வீட்டில் ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நழுவினார்கள்.

கொரின் திரும்பிப் பார்த்தாள். டுவேன் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"நீ எங்க கிளம்பிட்டே?"

"சும்மா... வீடு வரைக்கும்."

"டுவேன்."

"நீ வேலையில அலையுறியே, உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..."

"எத்தனை பல்லை ராவினே?"

"ரெண்டு," என்றான் டுவேன்.