நாற்றங்காலில் தொங்கிய நெஞ்சு

என் மகள் வானதி டாக்டர். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டர். மதுரையில் வேலை. என் நாத்தனார் விஜயலட்சுமிக்கு அது வாய்க்கு அவல். "ஊசி போட மாட்டா, நாடி பிடிக்க மாட்டா. படம் பாக்குறதுக்கா இத்தனை வருஷம் படிச்சா?" என்று குடவாசல் முழுக்கக் கேட்டுவிட்டாள். நானா விடுவேன்? "உங்க வீட்ல அதுக்குக்கூட ஆள் இல்லையே" என்பேன்.

ஆடியில் எனக்கு இருமலில் ரத்தம் வந்தது, மூக்கிலும் அவ்வப்போது கசிந்தது. குடவாசலில் எக்ஸ்ரே எடுத்தபோது வலது நுரையீரலின் மேலே ஒரு திட்டு. மாத்திரைக்கு அடங்கிய இருமல் திரும்பவும் வந்தது. தஞ்சாவூர் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இடது பக்கம் அடியில் கட்டிகள் என்றார். புற்றுநோயாக இருக்கும் என்று ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார். தை மாதம் திருக்கடையூரில் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். அதுவரை இருப்பேனா என்று வாய்விட்டு அழுதேன்.

வானதி அடித்துப்பிடித்து வந்தாள். ஸ்கேனைப் பார்த்தாள். "முதல்ல எடுத்த எக்ஸ்ரே எங்கம்மா?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "நாத்தங்கால்ல கட்டியிருக்கேன்."

எங்கள் பக்கம் பழைய எக்ஸ்ரேயை யாரும் வீணாக்குவதில்லை. வெயிலில் பளபளத்தால் விதை பொறுக்க வரும் குருவி கிட்டே அண்டாது. ஊராரின் முட்டியும் முதுகெலும்பும் வயலில்தான் ஆடும். அதற்காக என் நெஞ்சையுமா?

"நல்லா கட்டினீங்கப்பா" என்று சுடிதாரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள் வானதி. ஓரத்தில் என் பெயர் இருந்த படத்தை அவிழ்த்து, துப்பட்டாவால் துடைத்து, வரப்பில் நின்று வானத்துக்கு நேரே பிடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அப்ப வலது பக்கம் இருந்தது இப்ப ஸ்கேன்ல இல்ல. இப்ப இருக்கிறது அப்ப இல்ல. புற்றுநோய்க் கட்டி இப்படித் தானா மறைஞ்சு வேற இடத்துல வராது. மூக்குலயும் ரத்தம் வருதுன்னியே? இது ரத்தக்குழாய் அழற்சியா இருக்கும், அதுதான் இப்படி இடம் மாறி மாறி வரும். மருந்து இருக்கு."

வரப்பிலிருந்தே தஞ்சாவூருக்குப் போன் போட்டாள். ரத்தப் பரிசோதனை செய்தார்கள், துளி சதை எடுத்தும் பார்த்தார்கள். அவள் சொன்னதுதான் சரி. "பழைய படத்தைக் கேட்காதது என் தப்பு. உங்க பொண்ணு கெட்டிக்காரி" என்றார் டாக்டர். நோயாளி நான்தான். ஆனாலும் அன்று அந்த ஆஸ்பத்திரியில் என்னைப்போலப் பெருமையாக யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

மருந்தில் முகம் வீங்கியது, இருமல் நின்றது. தையில் திருக்கடையூரில் மணையில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு உறவுக்காரம்மா விஜயலட்சுமியிடம், "பொண்ணு என்ன டாக்டர்?" என்று கேட்டாள். நாத்தனார் வாயைத் திறக்குமுன் நானே மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, நாதஸ்வரத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னேன்:

"படம் பாக்குற டாக்டர்! அவ பாத்ததாலதான் இன்னிக்கு என் கழுத்துல ரெண்டாவது தாலி ஏறுது."