அங்கன்வாடிக் கிச்சடி

"கோதை, அவங்க கெளம்பிப் போற வரைக்கும் நீ ஹால் பக்கம் வந்துடாத. என் மானத்த வாங்கிடாத, சொல்லிட்டேன்."

சியாமளா பட்டுப்புடவைக் கொசுவத்தை நீவிக்கொண்டே சொன்னாள். சங்கராந்தி முடிந்த வாரம். வானவடியில் வீட்டுக்கு வீடு ஹல்தி குங்குமம். இந்த ஊர் மராத்திக்காரர்கள் வழக்கம்தான். ஆனால் சுமங்கலிகளை மட்டும் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுப்பதை நம்மவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? அதிலும் இந்த வருஷம் தொகுதி எம்.எல்.ஏ.வே வருகிறாள். சியாமளாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கோதைக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அவள் சியாமளாவின் நாத்தனார். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்தவள். பக்கத்துக் குடிசைப் பகுதி அங்கன்வாடியில் வேலை. வருகிற பட்ஜெட்டில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பணத்தைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. இப்போதே கிச்சடியில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. எம்.எல்.ஏ. ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"ஒரே ஒரு வார்த்த அண்ணி. சட்டசபையில பேசுங்கன்னு கேட்டுட்டு உள்ள போயிடறேன். அந்த ஒரு வேளச் சோத்துக்காகத்தான் அதுங்க வருதுங்க."

"நல்ல நாளும் அதுவுமா எதுக்க வந்து நிப்பியா? ஏங்க, உங்க தங்கச்சிக்கு நீங்களாவது சொல்லுங்க!"

ரவிச்சந்திரன் வண்டிச் சாவியைத் தேடினார். "கொஞ்ச நேரம் கிச்சன்லயே இரும்மா" என்று முணுமுணுத்துவிட்டு நழுவினார். பெரிய மனுஷன்!

கோதை துடைத்த மேடையையே துடைத்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். ஹாலில் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. எட்டிப் பார்த்தாள். சோபாவில் நடுநாயகமாக எம்.எல்.ஏ.; அவள் நெற்றியில் சியாமளா பயபக்தியோடு குங்குமம் இட்டுக்கொண்டிருந்தாள்.

கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் செத்து, அவன் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்தவள்தானே இந்த அம்மாள்! ஊருக்கே தெரியும். சியாமளாவே பரிதாபப்பட்டு ஓட்டுப் போட்டவள்தான்.

விறுவிறுவென்று ஹாலுக்கு வந்தாள்.

"உள்ள போ!" சியாமளா பல்லைக் கடித்தாள்.

"ஏன் அண்ணி? அவங்களும் என்னை மாதிரிதானே?"

"வாய மூடுடி. அவங்க எம்.எல்.ஏ."

தமிழ் புரியாத எம்.எல்.ஏ. புன்னகைத்தாள். கோதை மராத்தியில் ஆரம்பித்தாள். "மேடம், அங்கன்வாடிச் சாப்பாட்டுல கை வைக்கப் போறாங்களாம். கூடாதுன்னு சபையில எந்திரிச்சுச் சொல்லுங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம். அரசாங்கத்துக்கும் கஷ்டம் இருக்கில்லையா? நல்ல நாள்ல அரசியல் எதுக்கு?"

எம்.எல்.ஏ. கண்ணைக் காட்ட, கூட வந்தவன் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். வந்த பெண்களுக்கெல்லாம் எவர்சில்வர் டப்பா, மூடியில் எம்.எல்.ஏ.யின் சிரித்த முகம். கோதைக்கும் ஒன்று நீட்டினாள்.

கோதை வாங்கி, மூடியைத் திறந்து, காலி டப்பாவை எம்.எல்.ஏ.யின் மடியிலேயே வைத்தாள்.

"இதுல என்னத்தப் போடறதுன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம். நாளைக்குப் பிள்ளைங்க என்னைத்தான் கேக்கும்."

கோதை ஒரு நாற்காலியை இழுத்து எம்.எல்.ஏ.க்கு எதிரே போட்டுக்கொண்டு, பதிலுக்காக உட்கார்ந்தாள்.